ரேடியேட்டருக்கு வெள்ளிப் பூச்சு

எனாமல் பெயின்ட்டின் வாடை மற்றவர்களுக்குத் தலைவலி தரும். எனக்கோ அது மூக்கில் ஏறிய மறுகணமே பதினொரு வயது திரும்பிவிடும், கூடவே வெந்நீர் ஆவி 'புஸ்ஸ்' என்று சீறும் ஓசையும் காதுக்குள் கேட்கும். குமுளிக் கடைத்தெருவில் ஜீப்புக்கும் ஆட்டோவுக்கும் உதிரிபாகம் விற்கிற கடை ஒன்றை இருபது வருடமாக நடத்தி வருகிறேன். பெயின்ட் டப்பாவைத் திறந்து நிறம் காட்டச் சொல்லி யாராவது வந்தால், கல்லாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய் நானே திறப்பேன். இந்த அம்மாவுக்கு என்ன கிறுக்கு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். காரணத்தைச் சொல்ல அவகாசம் வேண்டும், உதிரிபாகக் கடையில் அது கிடைக்காது, அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் சென்ற மாதம் கைப்பேசியில் பத்துப் பன்னிரண்டு படங்கள் அனுப்பியிருந்தாள். என் அம்மா பிறந்த காலத்தை ஒட்டி அமெரிக்காவில் எடுக்கப்பட்ட கலர்ப் படங்களாம். பழைய கார்களை வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, முன்மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சின் வெளியே பிதுங்கத் தெரியும்படி வைத்து, பக்கவாட்டில் நெருப்பு நாக்குகள் வரைந்திருக்கிறார்கள். நேர்சாலையில் இரண்டு வண்டிகள் தோளோடு தோள் நிற்கின்றன. நடுவில் ஒருவன் கொடியோடு ஒரு முழம் துள்ளி அந்தரத்தில் இருக்கிறான். வேலி இல்லை, கயிறு இல்லை, ஜனங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்று வாய் பிளக்கிறார்கள். அந்தச் சிவப்பையும் அந்த ஆகாய நீலத்தையும் இன்றைய கைப்பேசிப் படங்களில் நான் பார்த்ததில்லை. "உனக்குப் பிடிக்கும்னு அனுப்பினேம்மா" என்று கீழே எழுதியிருந்தாள். பிடித்தது, உண்மைதான், ஆனால் எனக்கு ரோஷமும் வந்தது. இதென்ன பெரிய அதிசயம், இதே கூத்து எங்கள் ஏலத்தோட்டத்து 'ஸ்டோர் மேட்டில்' வருடந்தோறும் நடந்ததே, எங்களிடமும் முப்பத்தாறு கலர்ப் படங்கள் இருக்கின்றனவே என்று உடனே அவளைக் கூப்பிட்டுச் சண்டைக்கு நின்றேன்.

குமுளியிலிருந்து அந்த ஏலத்தோட்டத்துக்கு அப்போது எட்டு மைல். பஸ் போகாத சேற்றுப்பாதை. கம்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் மலையேறி வரும் பெண்களும், எங்கள் தெருவைப் போல எல்லையோரத்துத் தெருக்களில் குடியிருந்த பெண்களும் விடியும்போது ஸ்டாண்டில் கூடுவார்கள். அங்கே நான்கு ஜீப்புகள் நிற்கும். தோட்டத்தில் காலையில் ஆள் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் 'பெரட்டு' என்று பெயர். பெரட்டுக்குப் பிந்திப் போனால் 'அரைப்பேர்'தான், நாள் முழுக்கக் குனிந்து காய் பறித்தாலும் பாதி நாள் கணக்கு. ஆகவே எந்த ஜீப் வேகமாகப் போகும், எது நடுவழியில் படுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அந்தப் பெண்களுக்கு வேடிக்கைப் பேச்சு அல்ல.

யார் எந்த ஜீப்பில் போவது என்பதை மேனேஜரோ கங்காணியோ சொல்லக் கூடாது, பெண்களே முடிவு செய்வார்கள் என்பது அங்கே பழக்கம். அதற்கென்று வருடத்தில் ஒரு நாள் உண்டு. கடைசிப் பறிப்பு முடிந்ததும் தோட்டத்து மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து, கழுவிய தூக்குச்சட்டியை ஒவ்வொருத்தியும் தான் விரும்பும் ஜீப்பின் பின்பலகையில் கொண்டுபோய் வைப்பாள். வைத்துவிட்டால் அடுத்த பொங்கல் வரை அவள் அந்த வண்டியின் ஆள், எட்டு நிரம்பாத வண்டிக்கு மாறுவதானால் மட்டும் இடையில் எடுத்துக்கொள்ளலாம். எட்டுத் தூக்குச்சட்டி சேர்ந்த வண்டிக்குத்தான் தோட்டத்து 'பாஸ்' கிடைக்கும். ஏழு சேர்ந்தால் வண்டி ஓடாது. எட்டாவது ஆள் சேரும்வரை ஓட்டுநர் வீட்டில் உட்கார்ந்து கொசு அடிக்கலாம்.

அந்த நான்கு ஜீப்பில் ஒன்று என் அப்பாவுடையது. அப்பா முத்தையா, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இரும்பைக் கண்டால் பசி மறந்துவிடுகிற மனிதர். பட்டாளத்தில் கழித்துக்கட்டிய ஜீப் ஒன்றின் வெறும் கூட்டை வாங்கி வந்து, ஏதோ ஒரு டெம்போவின் டீசல் எஞ்சினை அதற்குள் இறக்கினார். எஞ்சின் உயரம், முன்மூடி மூட மறுத்தது. ஆகவே மூடியில் சதுரமாக ஓட்டை வெட்டி, மேலே தகரத்தில் ஒரு கூம்பு வைத்துப் பற்றவைத்தார். கியர்பெட்டி வேறொரு வண்டியுடையது. புகைக்குழாய் பக்கவாட்டில் கிளம்பி ஆள் உயரத்துக்கு வானத்தைப் பார்த்து நிற்கும். பல வண்டிகளை ஒட்டி ஒன்றாக்கியதால் பெண்கள் அதற்கு 'ஒட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாங்கன்றுக்குச் சொல்கிற அதே ஒட்டுதான். "ஒட்டு வந்திருச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஸ்டாண்டுக்குள் நுழைவார்கள்.

அந்த ஒட்டில் போய்வந்த எட்டுப் பேரில் என் அம்மா சின்னத்தாயும் ஒருத்தி. கட்டினவளே எட்டாவது ஆளாக இருப்பது அப்பாவுக்குப் பெரிய தைரியம். மற்ற ஏழு பேரைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்று இருந்தார். அம்மாவோ அப்படி எந்த உறுதியும் தந்தவள் அல்ல. "பெரட்டுக்குப் பிந்துனா புருசன் வண்டின்னு எனக்கு முழுப்பேர் போடுவாகளா?" என்பாள்.

பொங்கலன்று காலையில்தான் பந்தயம். ஓடைக்கரையிலிருந்து ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வரைக்கும் வளைவே இல்லாத ஒரு செங்குத்துப் பாதை இருந்தது, இரண்டு ஜீப் பக்கம் பக்கமாக ஏறலாம். முதலில் இரண்டு வண்டி, பிறகு இரண்டு வண்டி, கடைசியில் ஜெயித்த இரண்டும். கங்காணி நடுவில் நின்று துண்டை வீசுவார். ஒவ்வொரு வண்டியும் தன் பெண்களில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும். வெறும் வண்டி மேட்டில் குதிக்கும், பின்சக்கரம் புழுதி வாரும். எங்கள் ஒட்டுக்கு முன்சக்கரத்தில் இழுவையே கிடையாது, ஆகவே பின்னால் பாரம் அமுங்கினால்தான் பிடிப்பு. எங்கள் ஆட்களில் மூத்தவள் வெள்ளையம்மா அத்தை, நல்ல கனமான மனுஷி. துண்டு விழுந்ததும் அவள் "அமுக்குங்கடி!" என்பாள், எட்டுப் பேரும் ஒரே மூச்சாகப் பின்பக்கம் சாய்ந்து உட்காருவார்கள். இப்படி எட்டு உடம்பும் ஒரு சக்கரமும் சேர்ந்து ஓட்டிய பந்தயத்தை என் மகள் அனுப்பிய படங்களில் எங்கேயும் காணோம்.

வேகமாக ஏறுகிற வண்டிக்கு மத்தியானம் தூக்குச்சட்டி நிறையும், தோற்ற வண்டிக்குக் குறையும் என்பது எழுதாத விதி. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அப்பா தோற்றிருந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் போன வண்டியில் சரியாக எட்டுப் பேர் மிஞ்சியிருந்தார்கள். இந்தத் தடவையும் தோற்று, ஒருத்தி கழன்றுகொண்டால்கூட ஜீப்பை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு மலையிறங்க வேண்டியதுதான். அப்பா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கம்பத்தில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று யாரிடமோ அவர் விசாரித்ததைக் கேட்டு, நான் இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் யாரோடும் பேசாமல் இருந்தேன்.

அந்த வருடம்தான் ராவுத்தர் மாமா கலர் ஃபிலிம் கொண்டுவந்தார். ஹனிபா ராவுத்தர் பாலக்காட்டு வியாபாரி. ஏலக்காய் எடுக்கக் குமுளிக்கு மாதம் இரண்டு தடவை வருவார். தோளில் எப்போதும் ஒரு கேமரா தொங்கும். சரக்கு பார்ப்பதைவிட ஜீப்புகளைப் படம் பிடிப்பதில்தான் மனுஷனுக்குப் பிரியம் அதிகம். அதுவரை அவர் எடுத்ததெல்லாம் கருப்பு வெள்ளை. துபாயிலிருந்த தம்பி ஒரே ஒரு கலர் ரோல் அனுப்பியிருந்தான். அதை ரஸ்க் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைத் துணியில் சுற்றி, பொங்கலுக்குப் பத்து நாள் முன்பே ஸ்டாண்டில் வந்து காட்டினார். "முப்பத்தாறு படம். நீங்க உடுத்தின வர்ணம் அப்படியே விழும்" என்றார்.

அவ்வளவுதான், ஸ்டாண்டு இரண்டுபட்டுவிட்டது. வாடாமல்லி விழுமா, கத்தரிப்பூ விழுமா, மயில்கழுத்துக் கலரில் இரண்டு நிறம் ஓடுகிறதே அது எப்படி விழும் என்று பெண்கள் அவரைப் பிடுங்கி எடுத்தார்கள். "எல்லாம் விழும், ஒண்ணும் பேடிக்க வேண்டாம்மா" என்று அவர் ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. காய் பறிக்கப் போகும்போது சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையும் தலையில் சாக்குக் 'கொங்காணி'யுமாகத்தான் அவர்களை எல்லாரும் பார்ப்பது வழக்கம். எங்களுக்கும் நிறம் உண்டு என்று காட்ட அன்றைக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஆகவே பெட்டியின் அடியிலிருந்த கல்யாணச் சேலைகள் வெளியே வந்து வெயிலில் தொங்கின.

அப்பாவுக்கும் அதே காய்ச்சல் பிடித்தது. கருப்பு வெள்ளையில் எல்லா ஜீப்பும் ஒரே ஜீப்தான், கலரில் அப்படி இருக்க முடியுமா என்று கேட்டுவிட்டு, தபால்பெட்டிச் சிவப்பு எனாமல் இரண்டு டப்பா வாங்கி வந்தார். நான்கு நாள் ஓட்டத்துக்கு லீவு விட்டு ஒட்டுக்கு அலங்காரம், அதன் பெண்கள் மற்ற ஜீப்புகளில் தொற்றிக்கொண்டு போனார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, ஒரு பூச்சு பூசி, காயவிட்டு மறு பூச்சு பூசினார். வீடு முழுக்க அந்த வாடைதான். சோற்றிலும் அது மணந்தது. சக்கரத்தின் நடுவட்டத்துக்கு மஞ்சள், தகரக் கூம்புக்கு வெள்ளை. பந்தயத்துக்கு முந்தின நாள் காலையில் வண்டியை வாசலில் நிறுத்தி, எட்டடி தள்ளி நின்று, ராவுத்தர் கேமரா வைத்துப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நானும் பக்கத்தில் போய் ஒரு கண்ணை மூடினேன்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு வாய் நீளம். "எல்லாம் நல்லாருக்குப்பா, நடுவுல மட்டும் பல்லு விழுந்த மாதிரி கருப்பாத் தெரியுது" என்றேன். முன்கம்பிகளுக்கு நடுவே ரேடியேட்டரின் கருத்த முகம் தெரிந்ததைத்தான் சொன்னேன். அப்பா முகம் சுருங்கியது. உள்ளே போய், எப்போதோ வாசல் கேட்டுக்குப் பூசி மிச்சமிருந்த அலுமினிய வெள்ளிப் பெயின்ட் டப்பாவை எடுத்துவந்தார்.

ரேடியேட்டருக்குள் ஓடும் வெந்நீரைக் காற்றுதான் ஆற்றுகிறது, அந்த மெல்லிய தகடுகளின் இடுக்கை அடைத்தால் எஞ்சின் கொதிக்கும் என்பது இன்று என் கடைக்கு வரும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். "முகத்துக்கு மட்டும் லேசா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முதல் பூச்சு மினுங்கவில்லை. இரண்டாவது பூசினார். இடுக்குகளில் பெயின்ட் தேங்கித் தகடும் தகடும் ஒட்டிக்கொண்டன, ஆனால் வெயிலில் அது பளபளவென்று மின்னியதை நான் மறுக்க மாட்டேன். தோட்டத்திலிருந்து திரும்பிய அம்மா பார்த்தாள். "மூக்கை அடைச்சுக்கிட்டு மலை ஏறச் சொல்றீகளா அதை?" என்றாள். "உனக்கு என்ன தெரியும்" என்றார் அப்பா. அம்மா தூக்குச்சட்டியைக் கழுவக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு அவள் போனால் எங்கள் வீட்டில் அது நல்ல சகுனம் அல்ல.

பொங்கலன்று ஒட்டு ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் ஸ்டாண்டே எழுந்து நின்றது. ராவுத்தர் மாமா முதல் நான்கு படங்களை எங்கள் வண்டிக்கே செலவழித்தார். எட்டுப் பெண்களும் எட்டு நிறத்தில் பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். அம்மா நீலம், வெள்ளையம்மா அத்தை மாம்பழ மஞ்சள். எட்டு மைல் ஓடித் தோட்டம் போய்ச் சேர்ந்தபோதே வண்டி சூடாகத்தான் இருந்தது. அப்பா ரேடியேட்டர் மூடியைத் துணி வைத்துத் திறந்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். முதல் ஓட்டத்தில் ஜெயித்தோம். அப்படி ஒரு ஜெயிப்பு, பக்கத்து வண்டி பாதி மேட்டில் இருக்கும்போதே ஒட்டு ஸ்டோர் வாசலில் நின்றது. நான் கத்திய கத்தில் தொண்டை கட்டிவிட்டது.

கடைசி ஓட்டத்தில் எதிரே நின்றவர் தங்கச்சன் சேட்டன். மலையாளி, நல்ல ஓட்டுநர், அப்பாவோடு தினமும் ஒரே கடையில் சாயா குடிப்பவர். துண்டு விழுந்தது, "அமுக்குங்கடி!" என்று குரல் வந்தது, ஒட்டு பாய்ந்தது. முக்கால் மேடு வரை அப்பாதான் முன்னால். அப்புறம் தகரக் கூம்பு வழியாக ஒரு வெள்ளை நூல் புறப்பட்டது, நூல் கயிறானது, ரேடியேட்டர் மூடி வெடித்துப் பறந்தது, ஆவி ஜீப்பையே விழுங்கியது. அப்பாவுக்கு முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. மிதித்துப் பார்க்கலாம் என்று ஒரு கணம் நினைத்தாராம், பிறகுதான் சொன்னார்; பின்னால் இருந்த எட்டுப் பேரை நினைத்து நிறுத்திவிட்டார். நின்ற வண்டி அந்தச் செங்குத்தில் பின்னோக்கி நகரத் தொடங்கியது. யாரும் சொல்லவில்லை, கேட்கவில்லை. அம்மாவும் இன்னொருத்தியும் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார்கள், மழைக்காலத்தில் தினமும் செய்கிற வேலை அது. பிறகு எட்டுப் பேரும் கல்யாணச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிவப்பு ஜீப்பை ஸ்டோர் வரைக்கும் தள்ளிக்கொண்டே ஏறினார்கள். தங்கச்சன் சேட்டன் எப்போதோ மேலே போய் இறங்கி நின்றிருந்தார்.

அன்றைக்கு நான் பொங்கலைத் தொடவில்லை. என் வாயால்தான் வந்தது, கம்பத்துக்குப் போகப்போகிறோம் என்று எண்ணி ஸ்டோர் சுவருக்குப் பின்னால் நின்று அழுதேன். சாப்பாடு முடிந்து தூக்குச்சட்டி வைக்கும் நேரம் வந்தபோது, நான்கு ஜீப்பும் வரிசையாக நின்றன. அப்பா ஒட்டின் பக்கத்தில் கை கட்டி நின்றார். யாரையும் அழைப்பது வழக்கமில்லை. முதலில் வெள்ளையம்மா அத்தை வந்தாள். "ஜெயிச்ச வண்டியில ஏற ஊரே வரும். நாந்தள்ளுன வண்டி இது" என்று சொல்லித் தூக்குச்சட்டியை எங்கள் வண்டியில் 'ணங்'கென்று வைத்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்து வைத்தார்கள். ஏழு ஆயிற்று. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எட்டாவது அம்மா, அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அம்மா ஒட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். குனிந்து ரேடியேட்டரைப் பார்த்தாள். பிறகு நேராக நடந்து போய்த் தன் தூக்குச்சட்டியைத் தங்கச்சன் சேட்டனுடைய ஜீப்பில் வைத்தாள். எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது. "ஐயோ சேச்சி, இது வேண்டா" என்று தங்கச்சன் சேட்டன் பதறினார். "ஏன் சேட்டா, என் தூக்குச்சட்டி உங்க வண்டியில உக்காராதா?" என்று கேட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். "புருசன் வேற, வண்டி வேற. எட்டு உசுரை ஏத்துற வண்டிக்குப் படத்துக்காகப் பவுடர் பூசுனீக. மூச்சு விடட்டும், அப்ப வாறேன்" என்றாள். ராவுத்தர் மாமாவின் கேமராவில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு படம். அதை அந்த நேரத்தில் எடுத்தார்.

ஏழு தூக்குச்சட்டியோடு ஒட்டு எங்கள் வாசலில் நின்றது. அந்த ஏழு பேரும் மற்ற ஜீப்புகளின் படியில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அம்மா தங்கச்சன் சேட்டனின் ஜீப்பில் போனாள், வந்தாள், சோறாக்கினாள், அப்பாவுக்குத் தட்டில் போட்டாள். வண்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அப்பா ரேடியேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். மூன்று நாள் நானும் அவரும் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷும் கோணி ஊசியுமாக உட்கார்ந்து, தகடு தகடாகப் பெயின்ட்டைச் சுரண்டினோம். அவ்வப்போது தூக்கி வெயிலுக்கு நேரே பிடிப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரியாத இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுப்பார். இரண்டாம் நாள் நான் அம்மாவிடம் போய், பல் விழுந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். "நீ புள்ள, நீ சொல்லுவ. அதைக் கேட்டுப் பூசுனது அவுகதானே" என்றாள். எனக்குப் பாதிச் சுமை இறங்கியது. அப்பாவுக்காக வருத்தமும் வந்தது.

நான்காம் நாள் விடிந்ததும் ஒட்டு ஸ்டாண்டுக்கு வந்தது. உடம்பெல்லாம் சிவப்பு, நடுவில் மறுபடியும் கருத்த முகம். அப்பா எஞ்சினை ஓடவிட்டு இறங்கி, தள்ளி நின்றார். வா என்று சொல்லவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அம்மா முன்னால் வந்து நின்று, முந்தானையை விரித்து ரேடியேட்டருக்கு எதிரே பிடித்தாள். உள்ளே சுழலும் விசிறி இழுத்த இழுப்பில் சேலை போய் முன்கம்பியில் 'சப்'பென்று ஒட்டிக்கொண்டது. பிடித்து இழுத்தால்தான் வந்தது. அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு, தங்கச்சன் சேட்டனின் வண்டியிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்துவந்து ஒட்டில் வைத்தாள். அப்பா அன்றைக்கு வண்டி ஓட்டிய அழகை நான் சொல்லி முடியாது. பெரட்டுக்கு எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தார்களாம்.

படங்கள் கொச்சியில் கழுவப்பட்டு ஒன்றரை மாதம் கழித்து வந்தன. ராவுத்தர் மாமா முப்பத்தாறையும் எங்கள் ஜீப்பின் மேல்தான் பரப்பினார். பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். தங்கள் நிறத்தைத் தாங்களே தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். வெள்ளையம்மா அத்தை தன் மாம்பழ மஞ்சளை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். தங்கச்சன் சேட்டன் ஜெயித்த படம் முழுக்கப் புழுதி, ஜீப்பே தெரியவில்லை. எட்டு நிறச் சேலைகள் சிவப்பு ஜீப்பைத் தள்ள, மேலே ஆவி பஞ்சுபோல நிற்கிற எங்கள் படமோ துல்லியமாக விழுந்திருந்தது. "ஜெயிச்சது ஞானாணு, படத்தில முத்தையா மாத்ரம்" என்று, ஜெயித்த தன்னைப் படத்தில் காணாததை அவர் பல நாள் சொல்லிக் குறைபட்டுக்கொண்டார். கடைசிப் படத்தை, அதாவது அம்மா வேறு வண்டியில் தூக்குச்சட்டி வைக்கிற படத்தை, அப்பா கிழித்துவிடுவார் என்று நான் பயந்தேன். அப்பா அதை மட்டும் கேட்டு வாங்கி, ஒட்டில் மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "ஹாரன் இருக்கு, பிரேக் இருக்கு, இதுவும் இருக்கட்டும்" என்றார். அந்த ஜீப் பதினாலு வருடம் ஓடியது. நாங்கள் கம்பத்துக்கு இறங்கவே இல்லை.

மிச்சப் படங்களை ராவுத்தர் மாமா பின்னாளில் என்னிடமே கொடுத்தார், முப்பத்தாறும் இன்று என் பீரோவில் இருக்கின்றன. நீலம் முதலில் வெளுத்தது, பின்னாலேயே பச்சையும் போயிற்று. இப்போது எல்லாரும் செம்மண் புழுதியில் நிற்பவர்கள்போல ஒரே சிவப்பாகத் தெரிகிறார்கள். ராவுத்தர் மாமா இல்லை, வெள்ளையம்மா அத்தை இல்லை. ஸ்டோர் இருந்த இடத்தில் தங்கும் விடுதி, மேட்டுக்குச் சிமென்ட் படிக்கட்டு. பந்தயம் நின்றுபோனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, யாருக்காவது கை கால் போயிருக்கும். ஆனால் தூக்குச்சட்டி வைக்கிற அந்த மத்தியானம் போனதை நினைத்தால் வயிறு எரிகிறது. இப்போது தோட்டத்துக்கு மினிபஸ் வருகிறது. கான்ட்ராக்டர் யாரோ, டிரைவர் யாரோ, அனுப்புகிற வண்டியில் ஏற வேண்டியதுதான். கூலிக்குப் போகிற ஒரு பெண் வருடத்தில் ஒரு நாள் நின்று நிதானமாக யோசிக்க, ஒரு டிரைவர், அது கட்டின புருஷனாகவே இருந்தாலும், கை கட்டிக் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது என்றால் என் கடைக்கு வருகிறவர்கள் நம்புவதில்லை.

ஆனால் இந்த மழைக்காலத்தில் ஒன்று நடந்தது. வெள்ளையம்மா அத்தையின் பேத்தி கௌரி அதே தோட்டத்தில்தான் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் காலையில் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். சாலையோரம் மினிபஸ் நிற்கிறது, தெரிகிற டயர் இரண்டும் தேய்ந்து மொட்டை. அதற்கு வெளியே, தூறலில், நைட்டிக்கு மேல் சட்டை போட்டவர்களும் சுடிதார் போட்டவர்களுமாக இருபது பெண்கள் குடை பிடித்து வரிசையாக நிற்கிறார்கள். வேறு வண்டி வந்தால்தான் ஏறுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். பத்து மணிக்கு வேறு வண்டி வந்ததாம், அரைப்பேர் போடக் கூடாது என்று அதையும் பேசி வாங்கிவிட்டார்களாம்.

அன்று மாலை வீட்டில் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். புகைக்குழாய்ச் சத்தத்தில் காது போய்விட்டது அவருக்கு, கண் மட்டும் நன்றாகத் தெரியும். கைப்பேசியை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, "கலர் நல்லா விழுந்திருக்கு" என்றார். பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.

"கலரை விடுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, "அந்த வண்டியில ஏறலைல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

"ஏறலைம்மா."

"அப்பச் சரி" என்றாள்.